முப்பத்தெட்டு வருடம் குடிக்காதவன் வாங்கிய பாட்டில்

ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை
பேருந்து நிறுத்தத்து பெஞ்சிலிருந்து

நாகோயாவில் வாசம் செய்யும் மதிப்புக்குரிய மைத்துனர் கஸாமா ஹெய்சுகே அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை கினுயோவைக் கைப்பிடித்த மொரோஹாஷி தெய்ஜி தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

இங்கே நீகாத்தாவில் வடக்குச் சுவரடியில் கிடந்த பனி கருத்துப்போய் இன்னும் இரண்டு கைப்பிடி மிச்சமிருக்கிறது. செர்ரி மொட்டுகள் வெளியே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன. தங்கள் ஊரில் அவை பூத்து, உதிர்ந்து, பெருக்கி அள்ளப்பட்டே போயிருக்கும். தங்கள் கால் கட்டைவிரல் வீக்கம் வடிந்து, மருத்துவர் விலக்கச் சொன்ன பியரை விலக்கி, அல்லது விலக்கிவிட்டதாகத் தங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் கினுயோவும்தான். அதில் நான் நலமில்லை.

மரியாதை இத்தோடு முடிந்தது. மச்சான், எனக்கு நேர்ந்திருக்கும் அவமானத்துக்கு முழுப் பொறுப்பும் நீங்கள்தான். தொலைபேசியில் கத்தித் தீர்த்திருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுத் தொலைபேசி சமையலறைக் கதவை ஒட்டி இருக்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் கினுயோவின் காது இருக்கிறது. அதனால்தான் வீட்டைவிட்டு வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பேருந்து வந்து கதவைத் திறக்கிறது. எனக்கு இளையவனான ஓட்டுநர் இகராஷி எட்டிப் பார்த்து, “ஏறறீங்களா அண்ணே?” என்கிறான். இல்லை என்று தலையாட்டினால் கதவை மூடிக்கொண்டு போகிறான். மூன்று முறை ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் முப்பத்தெட்டு வருடம் ஏழாம் தடத்துப் பேருந்து ஓட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஓட்டுநரின் காலை எப்படி விடியும் என்பது ஓட்டாதவர்களுக்குத் தெரியாது. தினமும் பணிமனையில் மேற்பார்வையாளர் முன்னால் நின்று வாயை ஊதிக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அவர் மூக்கை அருகில் கொண்டுவந்து மோந்து பார்ப்பார். அவர் காலையில் பூண்டு சாப்பிட்டிருந்தால் அதை நாங்களும் மோந்து பார்ப்போம். அப்புறம் கருவி வந்தது. ஒருநாள், கினுயோ அரிசி மதுவான சாக்கே பிழிந்த கசடில் ஊறப்போட்டிருந்த வெள்ளரிக்காய் ஊறுகாயில் இரண்டே இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போய் ஊதினேன். கருவி தீயணைப்பு வண்டி மாதிரி அலறியது. அரை நாள் என்னை அலுவலகத்தில் உட்காரவைத்து, மணிக்கொரு தரம் ஊதச் சொல்லி, ஏழாம் தடத்துக்கு வேறு ஆளை அனுப்பினார்கள். வெள்ளரிக்காய் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து ஊறுகாயையும் விட்டேன். வண்டி எடுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதுதான் கம்பெனியின் விதி. நான்தான் பயந்தவன், எட்டு மணி நேரத்தை முப்பத்தெட்டு வருடமாக ஆக்கிக்கொண்டேன்.

கினுயோவோ உங்கள் அப்பாவின் பெண். உங்கள் குடும்பத்தில் யாருக்கு எதில் குறை வைத்தாலும் இதில் வைத்ததில்லை. தினமும் சாயங்காலம் ஒரு குடுவை சாக்கே, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது, ஒரு சொட்டு குறையவும் கிடையாது. அதில் தப்பே இல்லை. தப்பு, ஊற்றுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான். ஒருவர் கிண்ணத்தை மற்றவர் நிரப்புவதுதான் நம் வழக்கம். தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்கிறவனைக் கடையில் பார்த்தால் பக்கத்து மேஜைக்காரன்கூட எழுந்து வந்து ஊற்றிவிட்டுப் போவான். ஆனால் என் வீட்டில் முப்பத்தெட்டு வருடமாக அவளே ஊற்றி அவளே குடித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் இருந்த நாட்களிலும், வாசனை ஏறிவிடுமோ என்று அடுத்த அறையில் உட்கார்ந்து பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெற்றேன். பூங்கொத்து கொடுத்தார்கள், கைதட்டினார்கள், பழக்கதோஷத்தில் கடைசியாக ஒருமுறை ஊதச் சொன்னார்கள். பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தேன். கினுயோ பூவை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“முப்பத்தெட்டு வருஷமா எனக்கு நானே ஊத்திக்கிட்டேன். வர்ற பதினொண்ணாம் தேதி சனிக்கிழமை நீங்க ஊத்தணும். பாட்டிலையும் நீங்களே பாத்து வாங்கிட்டு வரணும். யாரையும் கேக்கக் கூடாது. கடைக்காரங்கள கூட.”

அவள் இதுவரை என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. நகை கேட்டதில்லை, வெளியூர்ப் பயணம் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

மறுநாளே மதுக்கடைக்குப் போனேன். யமகிஷி அம்மாள் நடத்துகிறாளே, அதே கடை. பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறேன், அந்தக் கடைப் படியில் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டு, “ஐயையோ, கினுயோ அக்காவுக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். மதுக்கடைக்கு யார் சும்மா பார்க்க வருவார்கள்? அவள் பார்வை என் முதுகிலேயே இருந்தது. நான் அலமாரி அலமாரியாக மூன்று சுற்றுச் சுற்றினேன். முன்பக்கத்துப் பெயர்களெல்லாம் தூரிகையால் கோழி கிளறியது போல எழுதப்பட்டிருந்தன. எழுதியவரே திரும்பிப் படித்தால் திணறுவார். சரி, பின்பக்கம் எண்கள் இருக்கின்றனவே, எண் என்றால் நமக்குக் கைவந்தது என்று திருப்பினேன். ஒன்றில் எழுபது, ஒன்றில் ஐம்பது, ஒன்றில் முப்பத்தைந்து. எழுபது மார்க் வாங்கிய பாட்டிலைக் கையில் எடுத்தேன். விலையைப் பார்த்தால் முப்பத்தைந்து மார்க் வாங்கியதுதான் மூன்று மடங்கு. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க்குக்கு இந்த மரியாதை கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தபிறகுதான் புரிந்தது. அரிசியைத் தேய்த்துத் தேய்த்து மிச்சம் வைத்த அளவுதான் அந்த எண். அதாவது நல்ல அரிசியில் மூன்றில் இரண்டு பங்கைத் தவிடாக்கித் தள்ளிவிட்டு, தள்ளியதற்கும் சேர்த்து நம்மிடம் வாங்குகிறார்கள். அது போதாதென்று கூட்டல் கழித்தல் வேறு. கழித்தல் என்றால் இனிப்பாம், கூட்டல் என்றால் இனிப்பில்லையாம். கழித்தல் நான்கு டிகிரி என்றால் பனியில் வழுக்காமல் சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட வேண்டும், எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். வாசனை பற்றிப் பதினாறு பக்கம். முலாம்பழம், வாழைப்பழம், பேரிக்காய், மழையில் நனைந்த கல். இத்தனையும் வேண்டுமென்றால் பழக்கடைக்குப் போய்விட்டு வரும் வழியில் கல்லையும் மோந்துவிட்டு வரலாமே, பாட்டில் எதற்கு? இரண்டு நாள் படித்தேன். படிக்கப் படிக்க, தெரியாதது கூடிக்கொண்டே போனது.

அப்போதுதான் நான் அந்தத் துரோகத்தைச் செய்தேன். கினுயோ ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். கடைக்காரரைக் கேட்கக் கூடாது என்றாள், அண்ணனையும் கேட்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நீங்கள் அப்போது நாலாவது பியரில் இருந்தீர்கள் என்று குரலிலேயே தெரிந்தது. நான் எண்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது குறுக்கே மறித்து, “யோவ், நல்ல சாக்கேன்னா தண்ணி மாதிரி எறங்கணும். அவ்ளோதான். வெச்சிடட்டுமா?” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நம் ஊரில் பிறந்த எல்லோரும் சொல்வதுதான் அது. உங்கள் அப்பாவும் ஒவ்வொரு நல்ல பாட்டிலையும் அப்படித்தான் புகழ்வார். ஆனால் நீங்கள் சொன்னதைத்தான் நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை இகராஷியின் வண்டியில் ஏறி, மலையடிவாரத்தில் இருக்கும் சாக்கே ஆலைக்குப் போனேன். ஆலையின் பெயர் எதற்கு, அவர்கள்மேல் தப்பில்லை. அங்கே நீள மேஜைமேல் ஒன்பது பாட்டில்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் சின்னக் கிண்ணம் வைத்திருந்தார்கள். சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். புத்தகத்தில் சொன்னபடி வாயில் வைத்து உருட்டி, பக்கத்திலிருந்த தொட்டியில் துப்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஓய்வு பெற்றாலும் தொண்டை ஓட்டுநரின் தொண்டைதானே, விழுங்க மாட்டேன் என்றது. பையில் என் சொந்த ஊதுகருவியும் இருந்தது. ஊறுகாய் விவகாரத்துக்குப் பிறகு, வீட்டிலேயே ஊதிப் பார்த்துவிட்டுப் போவதற்காக வாங்கியது.

முதல் கிண்ணம். உருட்டினேன், துப்பினேன், ஊதினேன். கருவி அலறியது. எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினேன். இரண்டாவது. உருட்டல், துப்பல், ஊதல், அலறல், எழுத்து. எனக்கு அது இயல்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற டோக்கியோக்காரர்கள் மெல்ல விலகி நின்றார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் வெளிறிப்போய் உள்ளே ஓடினாள். சற்று நேரத்தில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே மேலாளர் வந்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறவர்கள் இல்லையா, குறிப்பேடும் கருவியும் கொண்டு வருகிற கிழவனைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரே ஒரு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று மிகப் பணிவாகக் கேட்டார். ஏழாம் தடத்தில் வந்தேன் என்றேன். ஏதாவது உதவி வேண்டுமா, விளக்கம் வேண்டுமா என்றார். கினுயோவின் நிபந்தனை நினைவுக்கு வந்தது.

“வேண்டாங்க. மேலிடத்து உத்தரவு,” என்றேன். “யாரையும் எதையும் கேக்கக் கூடாது, நானே பாத்துத் தீர்மானிக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

அவர் இடுப்புவரை குனிந்து பின்வாங்கினார்.

எட்டுக் கிண்ணமும் முடிந்தது. எல்லாம் நாக்கைச் சுட்டன. எதுவும் தண்ணீர் மாதிரி இல்லை. எட்டுக்கும் கருவி அலறியது. மனம் சோர்ந்துபோய், மேஜையின் கடைசியில் சற்றுத் தள்ளி வைத்திருந்த ஒன்பதாவது பாட்டிலுக்கு வந்தேன். அழகான நீலக் கண்ணாடி. முன்பக்கத்தில் அதே கோழிக் கிளறல். அதன் பக்கத்தில் மட்டும் கிண்ணத்தோடு பெரிய கோப்பையும் வைத்திருந்தார்கள். வாயில் வைத்தேன். மச்சான், என்னவென்று சொல்வேன். சுடவில்லை, குத்தவில்லை, முலாம்பழம் இல்லை, வாழைப்பழம் இல்லை. அப்படியே இறங்கியது. துப்பக்கூடத் தோன்றவில்லை. அந்த நாளில் நான் விழுங்கிய முதல் மடக்கு அதுதான். மூன்று கோப்பை குடித்துவிட்டு ஊதினேன். சுழியம். சந்தேகப்பட்டு மறுபடி ஊதினேன். சுழியம். குடித்தால் தண்ணீர் மாதிரி இறங்க வேண்டும், குடித்த சுவடே தெரியக் கூடாது. இதைவிட உயர்ந்த சாக்கே உலகத்தில் உண்டா? நான் மேலாளரைப் பார்த்து, நீங்கள் தயாரிப்பதிலேயே இதுதான் தலைசிறந்தது, மற்ற எட்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று மனமாரச் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், மறுபடி இடுப்புவரை குனிந்தார். தானே அந்தப் பாட்டிலை இருப்பதிலேயே உயர்ந்த தாளில் சுற்றி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதற்கு வாங்கிய விலை மிகவும் குறைவாக இருந்தது. நேர்மையான ஆலை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம். கினுயோ பனி விலகிய மண்ணில் முளைத்த கசப்பு மொட்டுகளைப் பொரித்து வைத்திருந்தாள். கானாங்கெளுத்தி சுட்டு வைத்திருந்தாள். மேஜைமேல் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. நான் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் தாளைப் பிரித்து முன்பக்கத்தைப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருப்பினாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“நீங்களேதான் பாத்து வாங்கினீங்களா?”

“நானேதான்.”

“எத்தனைய பாத்துட்டு?”

“ஒம்போது.”

“ஒம்போதுல இதுவா?”

“இதுதான் தண்ணி மாதிரி எறங்கிச்சு,” என்றேன். உங்கள் பெயரை இழுக்கவில்லை.

குளிராக இருக்கிறது, கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று பாட்டிலோடு சமையலறைக்குள் போனாள். போனவள் நெடுநேரம் வரவில்லை. உள்ளே இருமுகிற மாதிரி ஏதோ சத்தம் கேட்டது. பிறகு ஆவி பறக்கும் குடுவையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. பனி மூடிய மலை வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் குடுவையைப் பிடித்தேன். ஊற்றினேன். கிண்ணத்தின் விளிம்புவரை வந்து நின்றது, வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் எனக்கு ஊற்றினாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் குடித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இந்த மாதிரி நான் இதுவரைக்கும் குடிச்சதே இல்லீங்க,” என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்த வரிசையில் நடந்தது என்று சரியாக நினைவில்லை. அவள் கிண்ணம் காலியானால் நான் ஊற்றினேன், என் கிண்ணம் காலியானால் அவள் ஊற்றினாள். குடுவைகள் உள்ளே போய் நிறைந்து வந்தன. நடுவில் எங்கேயோ அதில் சூடு ஏறி, நாக்கில் கொஞ்சம் பிடித்தது. சூட்டுக்குத் தகுந்தபடி சுவை மாறும் என்று புத்தகத்திலேயே இருப்பதால் நான் வியக்கவில்லை. ஒரு கட்டத்தில் வாணலி மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ஏழாம் தடத்தின் நிறுத்தங்கள் அத்தனையையும் அறிவித்திருக்கிறேன். கினுயோ, இறங்க வேண்டிய பயணி பேருந்தின் மணிப் பொத்தானை அமுக்குவது போல, சோறு வேகவைக்கும் மின்பானையின் பொத்தானை அமுக்கினாள். ஊர்த் திருவிழாப் பாட்டைப் பாடினேன். எதிர்வீட்டு நாய் கூடச் சேர்ந்து பாடியது. இதெல்லாம் போகட்டும். இதையெல்லாம் எந்த மனிதனும் தாங்கிக்கொள்ளலாம்.

தாங்க முடியாதது வேறொன்று. முப்பத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன், ஊரெல்லாம் பரவுவதற்கு முன்னால் நீங்களாவது ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழாம் தடத்தின் மாலை நடை ஏழு இருபதுக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாலையில் போகும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் சமையலறைச் சன்னல் நேரே தெரியும். விளக்கடியில் கினுயோ தனியாக உட்கார்ந்து குடுவையைச் சாய்த்துத் தனக்கே ஊற்றிக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் நிறுத்தம் கிடையாது. ஆனாலும் என் கால் தானாகப் போய் பிரேக்கில் உட்காரும். ஏன் வேகம் குறைகிறது என்று பயணிகள் கேட்டால், பூனை குறுக்கே வந்தது என்பேன். அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் தாமதம் என்று கம்பெனி மூன்று முறை விளக்கம் கேட்டது. மூன்று முறையும் பூனை என்று எழுதிக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் அந்தப் பூனைக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இதைத்தான் நேற்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“உன்ன பாக்கத்தான் வேகத்த கொறச்சேன். நீ தனியா ஊத்திக்கிறத பாக்கறப்ப, வண்டிய அங்கயே போட்டுட்டு ஓடி வந்து ஒரு கிண்ணம் ஊத்திட்டுப் போகணும்போல இருக்கும்.”

இன்று காலை எழுந்தேன். தலை இரண்டாகப் பிளந்தது. நாளை நகராட்சி வண்டி காலிப் பாட்டில் எடுக்கிற நாள், அலசி வைக்கலாமே என்று தொட்டிப் பக்கம் போனேன். நீலப் பாட்டில் காலியாக இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டிருந்ததால் பின்பக்கத்துப் பொடி எழுத்து முதல்முறையாகக் கண்ணில் பட்டது. மூலப்பொருள்: மலையடி ஊற்று நீர். எங்கள் ஆலையில் சாக்கே தயாரிக்கப் பயன்படும் தண்ணீர். சாக்கே அருந்தும்போது இடையிடையே குடிக்கவும், வாய் கொப்பளிக்கவும் ஏற்றது.

வாய் கொப்பளிக்க ஏற்றது, மச்சான். அதைத்தான் நான் அந்த ஆலையின் தலைசிறந்த சரக்கு என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதைத்தான் என் மனைவி, கேட்ட ஒரே பொருளாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்கிறாள். தண்ணீர் குடித்துத் தலைவலி வந்த முதல் மனிதனும் நானாகத்தான் இருப்பேன். அந்த ஊற்றில் ஏதோ கலந்திருக்கிறது, சுகாதார அலுவலகத்துக்கு எழுதலாமா என்று காலையில் யோசித்தேன். எழுதினால் எத்தனை குடுவை குடித்தாய் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் என் கவலை தலைவலி இல்லை. சாக்கே குடித்துவிட்டு உளறினவனுக்கு நம் நாட்டில் மறுநாள் மன்னிப்பு உண்டு. மேலாளரைக் கழுதை என்று சொன்னவனும் மறுநாள் காலையில் அவருக்கே வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருகிறான். நேற்றுப் பேசியது சாக்கே, அவன் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு உளறினவன் எதைக் காட்டித் தப்பிப்பான்? நான் அத்தனையையும் முழுப் புத்தியோடு சொல்லியிருக்கிறேன் என்று ஆகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இப்படியெல்லாம் பேசிக்கொண்டதே இல்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள், குளிக்க வெந்நீர் தயார், இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் காலையிலிருந்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை செய்கிறாள். அந்தத் திருவிழாப் பாட்டு மாதிரி இருக்கிறது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, மச்சான். அறுபத்தைந்து வயதில் வெட்கப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் வாயால் வந்த வினை, உங்கள் கையாலேயே தீர வேண்டும். நல்ல, நிஜமான, தலைக்கு ஏறுகிற சாக்கே ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பார்சலில் அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை அதைக் குடித்துவிட்டு, நேற்றுச் சொன்னதையே மறுபடி சொல்லி, கூடவே நாலைந்து பொய்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பல் ஓட்டினேன், கரடியோடு மல்லுக்கட்டினேன் என்று எதையாவது. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டால், எல்லாமே குடிகாரன் பேச்சு என்று ஆகிவிடும், நானும் நிமிர்ந்து நடப்பேன். கினுயோவுக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது.

இகராஷியின் வண்டி நாலாவது முறையாக வருவது தெரிகிறது. உறை கொண்டுவந்திருக்கிறேன், அவனிடமே கொடுத்து நகரத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

தங்கள் கட்டைவிரல் சீக்கிரம் காலணிக்குள் நுழையட்டும். தங்கள் வீட்டம்மாவுக்கு நீண்ட ஆயுளும், தங்களோடு காலம் தள்ளும் பொறுமையும் வாய்க்கட்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல்லாண்டு செழிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அறிவுரையைக் கேட்டுக் கெட்ட
மொரோஹாஷி தெய்ஜி

பின்குறிப்பு:

அண்ணா, இதை எழுதுவது கினுயோ. இகராஷி கடிதத்தைத் தபால் பெட்டியில் போடாமல், வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். தெய்ஜி அண்ணன் முகமே சரியில்லை, நீங்களே பார்த்து அனுப்புங்கள் அக்கா என்றான். பார்த்துவிட்டேன். அனுப்புகிறேன்.

பாட்டில் எதையும் அனுப்பாதே. அவருக்குத் தலை வலிப்பது ஊற்றுத் தண்ணீரால் இல்லை. தண்ணீர் முதல் குடுவையோடு சரி. மீதியைப் பானையில் விட்டு இன்று காலை சோறு வைத்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது குடுவையும் மூன்றாவதும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த என் பாட்டில். பாட்டு, பேருந்து, வாணலி மூடி எல்லாம் அதன் வேலை.

ஆனால் சன்னல் விஷயத்தை அவர் சொன்னது முதல் குடுவையில். நான் இரண்டாம் முறை எழுந்து உள்ளே போனதே அதைக் கேட்டபிறகுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு, அதன் பிறகுதான் என் பாட்டிலைத் திறந்தேன். அவர் குடித்தது வெறும் வெந்நீர், சொன்னது முழுப் புத்தியோடு. இதை அவரிடம் நீ சொல்லக் கூடாது, நானும் சொல்லப்போவதில்லை. இன்னும் கொஞ்ச நாள் வெட்கப்படட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் கூடத்தில் போர்வை போர்த்திய கணப்பு மேஜை இருக்கிறது, உனக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, ஜனவரி மாதத்திலும் கால் விறைக்கிற அந்தச் சமையலறையில் போய் ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருப்பேன். பேருந்துச் சத்தம் வரும். அது எங்கள் சன்னலுக்கு நேரே வந்து மெதுவாவது காதில் விழும். அதன் பிறகுதான் ஊற்றுவேன்.